வீடு மாறும் படலம்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அவர்களில் அநேகர் பிறந்த வீட்டிலேயே வாழ்ந்து, அந்த வீட்டுத் திண்ணையிலேயே வயோதிகத்தையும் கழித்தவர்கள். ஆகையினால் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். "வீட்டை மாற்றிப் பார்" என்பதுதான் அது.

பள்ளிக்கூட உபாத்தியாயனாகிய எனக்கு இந்த மூன்றாவது பரீட்சையில் நல்ல அநுபவம் உண்டு. 22 வருஷ உத்தியோகத்தில் ஐந்து ஊர்களைப் பார்த்தாகிவிட்டது. கடைசியாக 2024-ஆம் வருஷம் மே மாதத்தில் கும்பகோணத்திலிருந்து கோயம்புத்தூருக்கு மாற்றலாகி வந்தேன். இந்தப் பகுதியைத் தவறாமல் படித்து வரும் திருச்சிச் சகோதரி ஒருவர், தமக்கும் இப்போது வீடு மாறும் வேளை வந்திருப்பதாகத் தெரிவித்து, பின்வருமாறு எழுதியிருக்கிறார்:

"துணிமணிகளையும் பாத்திரங்களையும் மூட்டை கட்ட எனக்குத் தெரியும். என் மாமியார் கட்டுவதைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். ஆனால் ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் கட்டுவதற்கு என் மாமியாருக்கும் தெரியாது. அவருடைய மாமியாருக்கும் தெரிந்திராது. நான் யாரைக் கேட்பது?"

நியாயமான கேள்விதான். இக்காலத்தில் சாமான்களைக் கட்டிக்கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. அவற்றின் ஆட்கள் அட்டைப் பெட்டிகளுடனும், குமிழ் குமிழாய் உப்பிய பிளாஸ்டிக் தாள்களுடனும் வந்து இறங்குகிறார்கள். அரை நாளில் வீடு முழுவதையும் மூட்டையாக்கி விடுகிறார்கள். அவர்களுடைய சாமர்த்தியத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் கட்டுவது சாமானின் வெளிப்புறத்தை. உட்புறத்தைக் கட்டவேண்டியவர்கள் நாம்.

ஓடுகிற யந்திரம் எதுவானாலும் அதற்குள் அசைகிற பொருள் ஒன்று இருக்கும். அல்லது வழிகிற பொருள் ஒன்று இருக்கும். அசைவதைக் கட்டவேண்டும், வழிவதை வடிக்கவேண்டும், இரண்டும் இயலாததை நிமிர்த்தி வைத்துப் பொறுத்திருக்கவேண்டும். கட்டுதல், வடித்தல், பொறுத்தல் என்னும் இந்த மூன்றும் தெரிந்தால் முக்கால் காரியம் முடிந்தது. மீதிக் காற்பங்கைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதைத்தான் நான் மிகுந்த விலை கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

* * *

முதலில் கட்டுதல். நான் பௌதிக சாஸ்திரம் போதிக்கிறவன். ஓடுகிற வண்டி திடீரென்று நின்றால் உள்ளே இருப்பவர் ஏன் முன்னால் சாய்கிறார் என்று வருஷந்தோறும் பிள்ளைகளுக்கு விளக்கி வருகிறேன். அப்படிப்பட்ட நான், 2012-ஆம் வருஷம் திருநெல்வேலியிலிருந்து கும்பகோணத்துக்கு மாறியபோது, முன்பக்கக் கதவுள்ள எங்கள் வாஷிங் மெஷினை அப்படியே லாரியில் ஏற்றி அனுப்பினேன். அந்த வகை யந்திரத்தின் உள்ளே துணி சுழலும் தொட்டி சுருள்வில்களில் தொங்குகிறது. சுற்றும்போது துள்ளாமலிருக்க அதனுடன் கனமான கான்கிரீட் கட்டிகளையும் பிணைத்திருக்கிறார்கள். பிரயாணத்தில் இந்தப் பாரமெல்லாம் ஊஞ்சலாடாதபடி, புது யந்திரத்தின் பின்புறத்தில் நீண்ட போல்ட்டுகளை முடுக்கி அனுப்புகிறார்கள். வீட்டில் வைத்து ஓட்டும்போது அவற்றைக் கழற்றிவிட வேண்டும். மறுபடி வண்டியில் ஏற்றும்போது மாட்டவேண்டும். நான் கழற்றினேன். கழற்றியதைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டேன்.

வழியில் எத்தனை வேகத்தடைகள் உண்டோ அத்தனையிலும் தொட்டி ஊஞ்சலாடியிருக்கிறது. கும்பகோணத்தில் முதல் நாள் துணியைப் போட்டு ஓட்டியவுடன், யந்திரம் கடகடவென்று நடுங்கிக்கொண்டு குளியலறையிலிருந்து கூடத்துக்குப் பிரயாணம் புறப்பட்டது. பழுது பார்க்க வந்த இளைஞர், "சார், போல்ட் போடலையா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். என் பட்டம் அந்தக் கேள்விக்கு முன் நிற்கவில்லை.

அடுத்தபடி வாங்கிய யந்திரத்தின் போல்ட்டுகளை என் மனைவி ஒரு பெருங்காய டப்பாவில் போட்டு, சமையலறை மேல்தட்டில் வைத்தாள். ஏழு வருஷ காலம் அந்த டப்பாவை நான் பரிகசித்து வந்தேன். மாற்றல் உத்தரவு வந்த அன்று அவள் அதைப் பேசாமல் எடுத்து என் முன்னால் வைத்தாள். மாட்டுவதற்கு முன், யந்திரத்தின் அடியிலுள்ள வடிகட்டி மூடியைத் திறந்து, உள்ளே தங்கியிருக்கும் தண்ணீரையும் வடித்துவிட வேண்டும். எவ்வளவு நாள் ஓட்டாமல் இருந்தாலும் அங்கே தண்ணீர் இருக்கும்.

கிரைண்டரும் கட்டவேண்டிய ஜாதியைச் சேர்ந்ததே. 1955-இல் பி. சபாபதி என்பவர் மாவரைக்கும் கல்லுக்கு மின்சாரத்தை இணைத்துப் பெண்களின் தோள்வலியைக் குறைத்த ஊர் கோயம்புத்தூர். அந்த ஊருக்கே கும்பகோணத்திலிருந்து கிரைண்டரைக் கொண்டுபோவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற காரியமல்லவா என்று கேட்டேன். "இது என் கைக்குப் பழகின கல்" என்று என் மனைவி பதில் சொல்லிவிட்டாள். அதற்கு மேல் வாதமில்லை. குழவிக் கற்களைக் கழற்றித் தனித்தனியே கோணியில் சுற்றி, லாரியின் தளத்தில் வைக்கவேண்டும். பாத்திரத்துக்குள்ளேயே விட்டால் கல்லும் பாத்திரமும் வழி நெடுக மோதிக்கொண்டு வரும். தையல் மெஷினின் தலையைப் பலகையிலிருந்து பிரித்து, ஊசியைக் கழற்றி, தோல் பட்டையை எடுத்துவிட வேண்டும். அதன் கால்கள் வார்ப்பிரும்பு. பார்வைக்கு யானை பலம். கீழே போட்டால் பீங்கானைப் போல் உடையும். சுவர்க் கடிகாரத்தின் பெண்டுலத்தைக் கழற்றிச் சாவியுடன் சேர்த்துத் துணியில் முடிந்து வையுங்கள்.

* * *

இரண்டாவது, வடித்தலும் பொறுத்தலும். இவற்றில் ஃபிரிட்ஜ்தான் பிரதானம். புறப்படுவதற்கு ஒரு நாள் முன்னதாகவே அதைக் காலி செய்து, மின்சாரத்தை நிறுத்தி, உறைந்த பனி முழுவதும் உருகவிட வேண்டும். பின்புறத்தில் நீர் சேரும் தட்டு ஒன்று உண்டு; அதையும் மறவாமல் கவிழ்த்துவிடுங்கள். கண்ணாடித் தட்டுகளை வெளியே எடுத்துத் தனியாகச் சுற்றவேண்டும். உள்ளே நன்றாகத் துடைத்து, அன்றிரவு கதவைச் சற்றே திறந்து வைத்தால் நாற்றம் பிடிக்காது. பிரயாணத்தில் கதவைத் துணிக் கயிற்றால் கட்டுங்கள். ஒட்டும் நாடா வேண்டாம். உரிக்கும்போது அது வர்ணத்தையும் உரித்துக்கொண்டு வரும்.

ஃபிரிட்ஜின் அடியிலே கம்ப்ரஸர் என்னும் இருதயம் இருக்கிறது. அதற்குள் எண்ணெய் தேங்கியிருக்கிறது. ஃபிரிட்ஜைப் படுக்க வைத்தால் அந்த எண்ணெய், வாயு மாத்திரம் செல்லவேண்டிய குழாய்களுக்குள் புகுந்துவிடும். ஆகையால் நின்ற திருக்கோலத்திலேயே அது பிரயாணம் செய்யவேண்டும். நிமிர்ந்து வந்தாலும், புது வீட்டில் இறக்கிய பிறகு சில மணி நேரம் ஓட்டக்கூடாது. வேறு வழியின்றிப் படுத்து வந்திருந்தால் ஒரு நாள் முழுவதும் நிறுத்தி வைத்து, எண்ணெய் இறங்கிய பிறகே ஓட்டவேண்டும். வந்தவுடன் குளிர்ந்த தண்ணீர் கேட்கும் உறவினருக்கு ஒரு மண்பானை வாங்கி வையுங்கள். பானைக்கு இந்த நிபந்தனைகள் ஒன்றும் இல்லை.

ஏ.ஸி. இருக்கும் வீட்டுக்காரர் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். சுவரிலிருந்து கழற்றுவதற்கு முன், யந்திரத்தை ஓடவிட்டுக் குழாய்களிலுள்ள வாயுவை யெல்லாம் வெளிப்பெட்டிக்குள் இழுத்து அடைத்து, வால்வுகளை மூடுவார்கள். பூதத்தைச் சீசாவில் அடைக்கும் வித்தை இது. பழகிய மெக்கானிக்தான் செய்யவேண்டும். யந்திரம் ஓடினால்தான் இது நடக்குமாதலால், மின்சார இணைப்பை ஒப்படைத்த பின் அவரை அழைப்பதில் பயனில்லை.

தண்ணீர் சுத்திகரிப்பு யந்திரத்தின் தொட்டியை வடித்துக் குழாய் முனைகளை அடையுங்கள். ஆனால் உள்ளேயிருக்கும் மெம்பரேன் காய்ந்து போகலாகாது. அதன் ஈரம் அப்படியே இருக்கட்டும். டி.வி.யின் கண்ணாடித் திரையை ஒருபோதும் படுக்க வைக்காதீர்கள். இன்வர்ட்டர் பாட்டரியில் இருப்பது கந்தக அமிலம். அதை நிமிர்த்தியே வைத்து, உலோக முனைகள் ஒன்றையொன்று தொடாதபடி ரப்பரால் மூடி, மெத்தைக்கும் துணிமூட்டைக்கும் எட்டாத இடத்தில் ஏற்றவேண்டும். எங்கள் பழைய வீட்டுக்காரர் ஒருவர் அதைச் சாய்த்து வைத்துவிட்டார். அவருடைய பட்டு வேஷ்டிகள் சல்லடையாயின.

காஸ் சிலிண்டரைப் பற்றி மாத்திரம் வேடிக்கையாக எழுத எனக்கு மனமில்லை. 14.2 கிலோ காஸ் அடைத்த சிலிண்டரைச் சாமான்களுடன் மூடிய லாரியில் ஏற்றுவதுபோல் ஆபத்தான காரியம் வேறில்லை. வெளியூருக்குப் போகிறவர்கள் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்ஸியிடமே ஒப்படைத்து, இணைப்பு முடிந்ததற்கான சீட்டையும், கட்டியிருந்த முன்பணத்தையும் பெற்றுக்கொள்ள வேண்டும். அந்தச் சீட்டைக் காட்டிப் புது ஊரில் இணைப்பு வாங்கலாம். அடுப்பை மட்டும் கொண்டுபோனால் போதும். ரப்பர் குழாய் ஐந்து வருஷத்துக்கு மேற்பட்டதானால் அதைக் கொண்டுபோகவே வேண்டாம். புது வீட்டில் பால் காய்ச்சும் முகூர்த்தத்துக்குக் காஸ் வந்து சேருமா என்று கேட்பீர்கள். எங்களுக்கு வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் தம்முடைய மின்சார அடுப்பைக் கொடுத்து உதவினார். பாலும் பொங்கியது, சிநேகமும் உண்டாயிற்று.

* * *

யந்திரமல்லாத அபூர்வப் பொருள்கள் சில எல்லா வீடுகளிலும் உண்டு. கொலு பொம்மைகளைப் பழைய பருத்திப் புடவைத் துண்டுகளில் ஒவ்வொன்றாகச் சுற்றி, இடையிலே வைக்கோல் திணித்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். பத்திரிகைக் காகிதத்தை நேராகச் சுற்றினால் மை ஒட்டிக்கொள்ளும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைப் பாகம் பாகமாகப் பிரித்துச் சுற்றுங்கள். கண்ணாடியிட்ட தஞ்சாவூர்ப் படங்களை இரண்டிரண்டாக முகத்தோடு முகம் சேர்த்து, நடுவில் கம்பளி கொடுத்து, நிறுத்தி வைத்து ஏற்றவேண்டும். கண்ணாடியின் மேல் குறுக்கும் நெடுக்குமாய் நாடா ஒட்டி வைத்தால், ஒருவேளை அது உடைந்தாலும் சில்லுகள் தங்க ரேக்கின் மேல் விழாது.

இனி அந்தக் கடைசிக் காற்பங்கு.

என் தாயாரிடம் ஒரு தஞ்சாவூர் வீணை இருக்கிறது. பலா மரத்தில் கடைந்தது. அவருடைய கல்யாணத்தின்போது அவர் தகப்பனார் வாங்கிக் கொடுத்தது. நாள் தவறாமல் விளக்கு வைத்த பிறகு அரை மணி நேரம் வாசிப்பார். 2012-இல் என் மகளுக்கு எட்டு வயது. ஸரளி வரிசையெல்லாம் முடித்து, பாட்டியிடம் அலங்காரம் ஆரம்பித்திருந்தாள்.

திருநெல்வேலியில் லாரி ஏற்றிய அன்று, வீணையை எங்கே வைப்பது என்று ஆட்கள் கேட்டார்கள். மிருதுவான இடம்தான் நல்லது என்று நான் தீர்மானித்து, உறையுடன் மெத்தைகளின் மேலே கிடத்தி, தார்ப்பாயைப் போர்த்தச் சொன்னேன். மதுரைக்குப் பக்கத்தில் லாரி பழுதாகி, ஒரு மே மாதத்து மத்தியானம் முழுவதும் வெட்டவெளியில் நின்றது.

வீணையின் தண்டியில் 24 மெட்டுக்கள் இருக்கின்றன. அவை ஆணியால் அறைந்தவையல்ல. தேன்மெழுகும் கரித்தூளும் கலந்து அமைத்த இரண்டு வரம்புகளின் மேல் பதித்தவை. கைதேர்ந்த தொழிலாளி ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு, ஸ்வரம் நிற்கும் இடத்தில் நிறுத்துகிறார். அதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். தேன்மெழுகு ஏறத்தாழ 62 டிகிரி உஷ்ணத்தில் உருகும். அதற்கு வெகு முன்னரே இளகும். இது நான் வகுப்பில் நடத்தும் பாடம். கரும்பலகையில் எழுதித் தெரிந்த அந்த விஷயம், வீட்டிலிருந்த வீணையைப் பார்த்தபோது எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

கும்பகோணத்தில் உறையை அவிழ்த்தபோது மெட்டுக்கள் சாய்ந்து கிடந்தன. என் தாயார் விரலால் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மெழுகு இளகியிருக்கு, தம்பி. கோடையிலே இதை நான் ஜன்னல் பக்கமே வைக்கிறதில்லையே, பார்த்ததில்லையா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மறுபடி உறையைப் போட்டு மூடிவிட்டார்.

தஞ்சாவூர் 40 கிலோமீட்டர் தூரம். வீணை செய்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். அந்த ஞாயிறு விடைத்தாள் திருத்தலில் போயிற்று. அடுத்தது வேறொரு ஜோலியில் போயிற்று. இப்படி எட்டு மாதங்கள் சென்றன. என் தாயார் நினைவூட்டவில்லை. மேளம் கட்டி வீணை வீடு திரும்பியபோது, என் மகள் பள்ளிக்கூடத்தில் பந்து விளையாட்டில் சேர்ந்திருந்தாள். "நாளைக்கு, பாட்டி" என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். என் தாயாரும் சில நாள் கூப்பிட்டுப் பார்த்துப் பிறகு விட்டுவிட்டார். வாஷிங் மெஷினைப் பணம் கொடுத்து வாங்கினேன். வீணையின் மேளத்தையும் பணம் கொடுத்துக் கட்டினேன். அறுந்துபோன அந்தப் பாடத்தை மாத்திரம் எங்கும் கொடுத்து ஒட்டவைக்க முடியவில்லை.

லாரிக்காரரைக் கேட்டேன், சக ஆசிரியரைக் கேட்டேன், புத்தகத்தில் பார்த்தேன். நாற்பது வருஷமாக அந்த வீணையைத் தொட்டு வந்தவர் அதே கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீதிக் காற்பங்கு இதுதான்.

* * *

சென்ற 2024-இல் வீடு மாறியபோது ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்திகள் கிழித்தேன். முதல் பத்தியில் சாமானின் பெயர். இரண்டாவதில், அதற்குள் அசைவது எது, வழிவது எது. மூன்றாவதில், அதைப் புழங்குகிறவர் யார் என்பது. மூன்றாவது பத்தியில் பெயர் எழுதிய ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் கேட்டேன். கிரைண்டரின் ஒரு பக்கத்துத் திருகாணி தேய்ந்திருப்பது அப்படித்தான் தெரிந்தது. ஊறுகாய் ஜாடியின் விளிம்பில் மயிரிழைபோல் விரிசல் இருப்பதும் தெரிந்தது.

வீணைக்கு என் தாயார் சொன்ன முறை பின்வருமாறு. கழற்றக்கூடிய சுரைக்காயைக் கழற்றித் தனியே சுற்றுவது. தந்திகளைச் சற்றே தளர்த்துவது, அடியோடு அவிழ்த்துவிடக் கூடாது. தந்திக்கும் மெட்டுக்கும் நடுவே மெல்லிய துணி கொடுப்பது. லாரியில் ஏற்றாமல், வெயில் ஏறுவதற்கு முன் நம்முடனேயே கொண்டு செல்வது. விடியற்காலை நான்கு மணிக்குக் காரில் புறப்பட்டோம். கோயம்புத்தூர் சுமார் 300 கிலோமீட்டர். பின் ஆசனத்தில் பாட்டியின் மடியிலும் பேத்தியின் மடியிலுமாக வீணை குறுக்கே கிடந்தது. வெயில் எந்த ஜன்னலில் விழுந்ததோ அந்த ஜன்னலுக்கு என் மகள் துண்டைக் கட்டினாள். கரூர் தாண்டியபோது, "எட்டாவது மெட்டுக்குப் பக்கத்திலே மெழுகு மட்டும் வேறே கலரா இருக்கே, பாட்டி?" என்று கேட்டாள். மேளம் கட்டிய கதையை என் தாயார் அவளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்று மாலை புது வீட்டில் ஃபிரிட்ஜ் மௌனமாய்க் காத்துக்கொண்டிருந்தது. காஸ் வரவில்லை. பாதிப் பெட்டிகள் பிரிக்கப்படவில்லை. என் தாயார் ஒரு பெட்டியை ஒதுக்கிவிட்டு இடம் செய்துகொண்டு, மெட்டு மெட்டாக மீட்டிப் பார்த்தார். மேல் ஸ்தாயியில் ஒரே ஒரு மெட்டில் ஒரு நூல் குறைந்திருந்தது. "அது போனால் போகட்டும்" என்று சொல்லி, வாசிக்க ஆரம்பித்தார்.

திருச்சிச் சகோதரிக்கு ஒரு வார்த்தை. உங்கள் மாமியாருக்கு ஃபிரிட்ஜைக் கட்டத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும், அதற்கு வேண்டியதை மேலே எழுதிவிட்டேன். ஆனால் அவர் தினந்தோறும் கையால் தொட்டுப் புழங்குகிற பொருள் ஏதேனும் ஒன்று உங்கள் வீட்டில் அவசியம் இருக்கும். லாரி வருவதற்கு முன் அதைப் பற்றி அவரைக் கேட்டுவிடுங்கள்.